தலைமன்னார்–மாத்தளை பாதைக்கு நினைவுக்கல் வேண்டுமா?

மாத்தளைப் பேரன்: மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்த ‘மலையகம் 200’ஐ ஒட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அதோடு பேச்சு அடங்கிவிட்டது. மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று கோப்பிக் (காப்பி) காலத்தில் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து நம் ஆட்கள் காட்டுவழியே வந்த தடத்தை ஒட்டித்தான் இன்று ஏ14, ஏ9 வீதிகளில் பஸ் ஓடுகிறது. வாந்திபேதியில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்திருக்கிறார்கள். அந்த பஸ்ஸில் போகும் நம் பிள்ளைக்கு இது தெரியுமா? ஊருக்கு ஊர் கல் நட வேண்டும்.

ஹட்டன் டீச்சர்: தம்பி, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில், இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. தகரம் ஒழுகினால் பாயைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்பில் (திண்ணையில்) விடிய விடிய உட்காருகிறார்கள். வீடு கட்ட 7 பேர்ச் அளவுக் காணிக்கு உறுதிப் பத்திரம் கேட்டு அலைகிறவர்களிடம் கல்லைக் காட்டுவீர்களா?

மாத்தளைப் பேரன்: காணி கேட்கப் போனால் “நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?” என்பதுதானே முதல் கேள்வி! 1948இல் குடியுரிமையைப் பறித்ததும் அதைச் சொல்லித்தான். காட்டை அழித்துத் தோட்டம் போட வந்த கதையைச் சொல்லாமல் உரிமையை எப்படிப் பேசுவது, டீச்சர்?

கூடலூர் பேத்தி: அண்ணா, அது ஒருவழிப் பாதை இல்லை. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து ஊர் திரும்பியவர்கள் ஏராளம். தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டியிருந்தது, குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா பக்கம் எழுதியது. எங்கள் அம்மாயி கண்டியில் ஏறியது ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர் வாங்கிய ரயிலில். ஜன்னலுக்கு உள்ளே பாதிக் குடும்பம், வெளியே பாதி. யார் கையை யார் முதலில் விட்டார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி வந்து, நீலகிரியில் மறுபடி கொழுந்துதான் கிள்ளினார். கல் வைத்தால் எங்களையும் சேர்த்து எழுதுங்கள்.

ஹட்டன் டீச்சர்: உன் அம்மாயி கதையைப் படித்து மனசு கனத்துப்போச்சு, மகள். ஆனாலும் என் பயம் போகவில்லை. கல் திறக்க அமைச்சர் வருவார், மாலை விழும், காணி உறுதியைக் கேட்டால் அடுத்த வருஷம் என்பார்.

மாத்தளைப் பேரன்: அவர்களைக் கூப்பிட வேண்டாம். தோட்டத்து ஆட்களே சந்தா போட்டு வைப்போம்.

ஹட்டன் டீச்சர்: அப்படியானால் வெறும் “நினைவாக” என்று போட்டு முடிக்காதீர்கள். ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி கொடுத்த முன்பணம் ஊரிலேயே கடனாக ஏறியது. அந்தக் கடனை எழுதி, தோட்டம் மாறினாலும் கூடவே வந்த ‘துண்டு’ச் சீட்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. அதையும் வெட்டுங்கள், என் சந்தாவைத் தருகிறேன்.