நடக்கும்போது மட்டும் இடது முழங்கால் டிரைவர் கேன் பஸ்ஸிலிருந்து விடுபடுகிறது – உதவி தேவை

கேள்வி:
வணக்கம். இரு இடுப்புகளுக்கும் இரு முழங்கால்களுக்குமாக நான்கு பிரஷ்லெஸ் மோட்டார்கள் கொண்ட, அணிந்து நடக்கும் எக்ஸோஸ்கெலிட்டன் (மூட்டுகளை மோட்டாரால் அசைக்கும் வெளிச்சட்டம்) ஒன்றை மாணவர்களாகிய நாங்கள் உருவாக்கி வருகிறோம். ஒவ்வொரு மோட்டாரையும் இயக்கும் சுற்றான டிரைவரும் கன்ட்ரோலரும் செய்தி பரிமாறும் இரு கம்பித் தடமான கேன் பஸ், வலது முழங்கால் டிரைவரில் தொடங்கி, முதுகுப் பெட்டியில் உள்ள கன்ட்ரோலர் வழியாக இடது முழங்கால் டிரைவரில் முடிகிறது. வேகம் நொடிக்கு 1 மெகாபிட். ஆறு செல் லித்தியம் பேட்டரி ஒன்றே அனைத்துக்கும் மின்சாரம் தருகிறது. மேசைமேல் மணிக்கணக்கில் ஓடினாலும் பிழை இல்லை. ஆனால் ஒருவர் அணிந்து நடக்கும்போது இடது முழங்கால் டிரைவரிடமிருந்து செய்தி வருவது நின்றுவிடுகிறது. நாற்காலியிலிருந்து எழும்போது சில வேளைகளில் கன்ட்ரோலரே ரீசெட் ஆகிறது. செய்திகளுக்கு இடையேயான இடைவெளியைக் கூட்டியும் பயனில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில் 1:
இவை இரண்டும் ஒரே கோளாறு என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். ஒன்று நடையில் வருகிறது, மற்றொன்று மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும்போது வருகிறது. கன்ட்ரோலர் மீண்டும் இயங்கத் தொடங்கியவுடன் ரீசெட் காரணத்தைக் காட்டும் ரெஜிஸ்டரைப் படித்துச் சேமியுங்கள். மின்னழுத்தம் சரிந்ததா, வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் ரீசெட் செய்யும் டைமர்) செயல்பட்டதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு, கன்ட்ரோலர் முனையில் கேன் கம்பிகள் இரண்டுக்கும் இடையே மின்தடையை அளந்து பாருங்கள். பஸ்ஸின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை இருந்தால், இரண்டும் இணையாகச் சேர்ந்து 60 ஓம் காட்ட வேண்டும். காலை மடக்கி நீட்டிக்கொண்டே அளப்பது முக்கியம். அசையாத காலில் எடுத்த அளவை நான் நம்பமாட்டேன்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. கால் நேராக இருக்கும்போது 60 ஓம் வருகிறது. இடது முழங்காலை முழுவதும் மடக்கினால் 120 ஓமுக்குத் தாவுகிறது. ரீசெட் காரணம் மின்னழுத்தச் சரிவு என்று பதிவாகியுள்ளது.

பதில் 1:
அப்படியானால் கன்ட்ரோலருக்கும் இடது முழங்காலுக்கும் இடையே ஒரு கம்பியேனும் மடக்கும்போது துண்டிக்கப்படுகிறது. கனெக்டருக்குள் கம்பியைச் சால்டர் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஈயம் இழைகளுக்குள் ஊறிப்போய் விறைக்கும் இடத்தின் விளிம்பில்தான், மீண்டும் மீண்டும் வளையும்போது கம்பி முறியும்; மேலுறை முழுதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சரியான கருவியால் கிரிம்ப் செய்த (சால்டர் இல்லாமல் அழுத்திப் பிணைத்த), பூட்டிக்கொள்ளும் கனெக்டரைப் பயன்படுத்துங்கள். கேபிளை மூட்டுக்கு மேலும் கீழும் சட்டத்தோடு கட்டி, நடுவில் தளர்வான வளைவு விடுங்கள்.

பதில் 2:
ரீசெட்டைப் பற்றிச் சொல்கிறேன். எழும்போது இரு முழங்கால் மோட்டார்களும் ஒருசேர இழுக்கும் மின்னோட்டத்தால் பொதுக் கம்பியில் மின்னழுத்தம் விழுகிறது. கன்ட்ரோலருக்கான கம்பிகள் இரண்டையும், கிரவுண்ட் உட்பட, பேட்டரி முனையிலிருந்தே தனியாக எடுங்கள். அந்தக் கிளையில் ஒரு டயோடும், அதற்குப்பின் போதிய அளவு மின்தேக்கியும் வையுங்கள். எதிர்த்திசையையும் மறக்க வேண்டாம்: உட்காரும்போது உடல் எடை மோட்டாரைச் சுழற்றுவதால் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்புகிறது. 25.2 வோல்ட்டில் நிரம்பிய பேட்டரி அதை ஏற்காமல் பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிட்டால், மின்னழுத்தம் டிரைவரின் தாங்குதிறனைத் தாண்டக்கூடும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. தொடர்பு அறுந்த நொடியில் அந்த முழங்கால் என்ன செய்கிறது?

கேட்டவர்:
டிரைவர் கடைசியாகப் பெற்ற கட்டளையையே தொடர்கிறது.

பதில் 2:
அதைச் சரிசெய்யும்வரை யாரையும் அணிய விடாதீர்கள். குறித்த நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் டிரைவர் தானாகவே பாதுகாப்பு நிலைக்குச் செல்ல வேண்டும். மோட்டாரை வெறுமனே விடுவித்தால் முழங்கால் மடிந்து அணிந்தவர் விழுவார். மோட்டாருக்குச் செல்லும் மூன்று ஃபேஸ் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்தால் மோட்டார் பிரேக்காக மாறி, மடங்குவதை மெதுவாக்கும். ஆனால் அது எடையைத் தாங்கி நிறுத்தாது என்பதால், மேலிருந்து தாங்கும் பட்டை கட்டாயம். அவசர நிறுத்தப் பொத்தான் மோட்டார் மின்சாரத்தை மட்டும் துண்டிக்கட்டும். கன்ட்ரோலர் உயிருடன் இருந்தால்தான் நடந்தது பதிவாகும். பொத்தானை அழுத்திய பின்னும் அந்த பிரேக் வேலை செய்ய, டிரைவரின் கேட் மின்சாரம் (அதன் டிரான்சிஸ்டர்களைத் திறந்து மூடும் மின்சாரம்) தனி வழியில் வருகிறதா என்பதைச் சுற்றுப்படத்தில் முதலில் உறுதிசெய்யுங்கள்.