கடலோர மருத்துவமனைகளுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. வில்லை தேவையா?

பாம்பன் மருந்தாளுநர்:
ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரத்துக்கு ஒரு ரத்தப் பை வர நேர்ந்தால், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறது. 30 நிமிடத்துக்கு மேல் குளிர்பெட்டிக்கு வெளியே இருந்த சிவப்பணுப் பையைத் திரும்பச் சேமிப்பில் வைப்பதில்லை என்பது நெடுநாள் நடைமுறை. அந்த நேரத்தை மனிதர் எழுதுவதைவிட, பையில் ஒட்டிய ஆர்.எஃப்.ஐ.டி. வில்லையை, அதாவது ரேடியோ அலையால் தன் அடையாள எண்ணைச் சொல்லும் சிறு சில்லை, பெட்டியிலுள்ள படிப்பான் தானே பதிவது நம்பகமானது. ஆகவே ரத்தம், மருந்து, கருவி அனைத்துக்கும் வில்லை ஒட்ட வேண்டும் என்கிறேன்.

தொண்டி பொறியாளர்:
'அனைத்துக்கும்' என்ற சொல்லைத்தான் மறுக்கிறேன், ஐயா. சுங்கச்சாவடி ஃபாஸ்டாக் வில்லையில் உள்ளதுபோல் 865 மெகாஹெர்ட்சை ஒட்டிய அலைகளை நீர் உறிஞ்சிக்கொள்ளும், உலோகம் திருப்பியடிக்கும்; சலைன் புட்டிகளை இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் மருந்துக்கிடங்கில் படிப்பான் எதை எண்ணும், எதை விட்டுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தவிர, 2008-இல் ஆம்ஸ்டர்டாமில் 41 மருத்துவக் கருவிகளின் அருகே ஆர்.எஃப்.ஐ.டி. படிப்பானை இயக்கி நடத்திய 123 சோதனைகளில் 34 முறை அக்கருவிகளுக்கு இடையூறு நேர்ந்தது. அவற்றுள் 22 ஆபத்தானவை என மதிப்பிடப்பட்டன. செயற்கைச் சுவாசக் கருவி அணைந்தது, ஊசிமருந்து செலுத்தும் பம்ப் நின்றது.

பாம்பன் மருந்தாளுநர்:
அந்தச் சோதனை நோயாளிகள் இல்லாத அறையில் நடந்தது. இடையூறுகளில் பாதி, படிப்பான் 30 சென்டிமீட்டருக்குள் இருந்தபோது நேர்ந்தவை. ரத்தப் பைக்கு உலக ரத்தமேற்றல் சங்கத்தின் வழிகாட்டுதல் பரிந்துரைப்பதோ 13.56 மெகாஹெர்ட்ஸ், அது எட்டும் தூரம் குறைவு, நீரும் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் படிப்பானைக் கொண்டுபோகச் சொல்லி நான் கேட்கவில்லை.

கீழக்கரை செவிலியர்:
அறுவை அரங்கைப் பற்றி இருவரும் பேசவில்லையே! வயிற்றைத் தைத்து மூடும் முன், ரத்தத்தில் தோய்ந்து உருண்டு கிடக்கும் பஞ்சுத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுகிறோம். கணக்கில் ஒன்று குறைந்தால் குப்பைத் தொட்டி வரை கிளற வேண்டும். அதற்குள் மயக்க மருந்து நிபுணர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். வில்லை தைத்த துணியென்றால், நோயாளியின் மேல் படிப்பானை நகர்த்தியே உள்ளே இருக்கிறதா என்று அறியலாம். ஆனால் கையால் எண்ணுவதை நிறுத்தச் சொன்னால் நான் இசைய மாட்டேன்.

தொண்டி பொறியாளர்:
சகோதரி சொல்வதை ஏற்கிறேன்; ரத்தப் பைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மருந்துக்கிடங்குக்கு மட்டும், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பட்டைக்குறியீடு போதும் என்பதில் மாற்றமில்லை. உப்புக்காற்றில் படிப்பானின் இணைப்பு முனைகள் பச்சை பூத்துப்போகும். அதைப் பழுதுபார்க்க மதுரையிலிருந்து ஆள் வரும்வரை கிடங்கின் கணக்கை யார் எழுதுவது?