மோட்டார் காயில் எரிந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

கோத்தகிரி ஃபிட்டர்:
போன நவம்பர் மழையில் ரோட்டில் மண் சரிந்து, நாலு நாள் ஃபேக்டரிக்குத் தேயிலை லாரி வரவில்லை. இலை வாட்டும் ட்ரஃப் ஃபேன் சும்மா நின்றது. சுற்றிலும் ஒரே பனிமூட்டம். ஐந்தாம் நாள் இலை வந்து இறங்கியதும் அவசரத்தில் நேரே ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டேன். ஒரு வெடிச் சத்தம், வார்னிஷ் தீய்ந்த வாடை. மூடியைக் கழற்றினால் ஸ்டேட்டரில் (காயில் கட்டியிருக்கும் சுற்றாத பகுதி) ஸ்லாட் வாயில், அதாவது காயில் உட்காரும் பள்ளத்தின் வாயில், விரல் அகலத்துக்கு ஒரே இடம் கருகி, செம்பு உருகிக் குமிழாக நிற்கிறது. மற்ற காயிலெல்லாம் நேற்றுக் கட்டியது போலப் பளபளவென்று. ஈரத்தில் இன்சுலேஷன் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டிய மெக்கர் மீட்டர் பக்கத்து அலமாரியிலேயே இருந்தது. மனது ஆறவே இல்லை.

குன்னூர் எலக்ட்ரீசியன்:
ஈரத்தில் இப்படி எரியாது அண்ணா, கரண்ட் வரும் மூன்று ஃபேஸ் லைனில் ஒன்று போயிருக்கும். என் கேரட் தோட்டத்து மோட்டார் அப்படித்தான் போனது. மரக்கிளை லைனில் விழுந்து, சுற்றாமல் ‘உம்’மென்று முனகியது. நான் ஓடி வருவதற்குள் முடிந்தது. காயில் முனைகளை இணைத்த விதம் ஸ்டார் என்றால் இரண்டு ஃபேஸ் காயில் கருகும், டெல்டா என்றால் ஒன்று. தயவுசெய்து எல்லோரும் ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் ப்ரிவென்டர் போடுங்கள். கரண்ட் கூடினால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு மேல் ஏற்றாதீர்கள். காயில் கட்டக் கொடுத்தால் பழைய சுற்று எண்ணிக்கையையும் கம்பி கேஜையும் எழுதி வாங்குங்கள். பழைய காயிலைத் தீயிட்டு எடுக்க விடாதீர்கள். ஸ்டேட்டர் தகடுகளுக்கு நடுவிலுள்ள பூச்சு போய், அப்புறம் லோடு இல்லாமலே பாடி கொதிக்கும். சூடு 10 டிகிரி கூடினால் காயில் ஆயுள் பாதி என்பது பழைய கணக்கு.

பவர் ஹவுஸ் ஒப்பந்தக்காரன்:
தம்பி, அவர் எழுதியதை முழுசாகப் படியுங்கள். ஃபேஸ் போனால் வரிசையாகக் கருகும். ஒரே இடம் என்றால் ஈரத்தில் இன்சுலேஷன் விட்டு, கரண்ட் பாடிக்கு அடித்தது.
என்னுடையது வேறு. மலையில் ஒரு பவர் ஹவுஸ். ஜெனரேட்டரின் சுற்றும் பகுதியான ரோட்டரைத் தூக்கி வைத்துவிட்டு ஸ்டேட்டருக்குள் இறங்குவோம். மோதிரம், சாவி, பேனா எல்லாம் வாசலில் கொடுத்துவிட வேண்டும். உள்ளே போகும் சாமானெல்லாம் நோட்டில் ஏறும். மாலையில் கணக்குப் பார்த்தால் ஒரு நட் குறைந்தது. உள்ளே கிடந்தால் காயிலைக் கெடுத்துவிடும். டார்ச் அடித்து ஸ்லாட் ஸ்லாட்டாகத் தேடினோம். இரவு பதினொரு மணிக்கு என் ஸ்வெட்டர் மடிப்பிலிருந்து ‘டங்’கென்று விழுந்தது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஃபோர்மேன் நோட்டில் டிக் அடித்தார், அவ்வளவுதான்.

கோத்தகிரி ஃபிட்டர்:
ஐயா சொன்னதுதான் சரி. காயில் கட்டியவரும் அதையேதான் சொன்னார். 415 வோல்ட் மோட்டாருக்கு மெக்கரில் ஒன்றரை மெகாஓமாவது வேண்டும். போன வாரம் இன்னொரு ஃபேன் அரைதான் காட்டியது. மூடியைக் கழற்றி, ஈரம் காய உள்ளே 100 வாட் குண்டு பல்பு இரண்டு போட்டு வைத்தேன். காலையில் 20 காட்டியது.