போனில் பேசியதை எழுத்தில் கேட்டால் வாடிக்கையாளர் தவறாக நினைப்பாரா?

கேள்வி (வெப்வேலை):
வெப்சைட் வடிவமைக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. ஒரு வாடிக்கையாளர் பல வருடமாக எங்களோடு இருக்கிறார், நல்ல மனிதர், பணமும் ஒழுங்காக வந்துவிடும். ஆனால் எல்லாமே போன் பேச்சுதான். மெனுவை மாற்றச் சொல்வார், மாற்றி அனுப்பினால் "நான் பேனரையல்லவா சொன்னேன்" என்பார். ஏமாற்றும் எண்ணமெல்லாம் கிடையாது, உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இருப்பதில்லை. மறுபடி செய்யும் வேலைக்குப் பில் போடவும் மனம் வரவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் நம்பிக்கை இல்லாமல் கேட்பதாக நினைத்துவிடுவாரோ?

பதில் (கணக்குப்பிள்ளை):
அவரை எழுதச் சொல்லாதீர்கள், நீங்களே எழுதி அனுப்புங்கள். போனை வைத்த கையோடு, நாலு வரி போதும்: "சார், இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இது. மெனுவில் 'சேவைகள்' முதலில் வர வேண்டும், பேனர் பழையபடியே இருக்கும். புதன் மாலை 5 மணிக்குள் மாதிரி அனுப்புகிறேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள், அப்புறம் வேலையை ஆரம்பிக்கிறேன்." இதில் "நான் புரிந்துகொண்டது" என்பதுதான் முக்கியம், திருத்தம் இருந்தால் அவர் சங்கடப்படாமல் திருத்துவார். "நீங்கள் சொன்னபடி" என்று ஆரம்பித்தால் அவர் மேல் சாட்சி சேர்ப்பது போல இருக்கும்.

பதில் (சரக்குமேலாளர்):
மேலே சொன்னது சரி, ஆனால் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது மெனு மாதிரி சின்ன விஷயத்துக்குச் சரிப்படும். பணமோ கெடுவோ மாறுகிறது என்றால் அவரிடமிருந்து "சரி" என்று ஒரு வார்த்தையாவது வராமல் கை வைக்காதீர்கள்.

அப்புறம் தேதி. "அடுத்த வெள்ளி" என்றால் சிலருக்கு இந்த வாரம், சிலருக்கு அதற்கடுத்த வாரம். 03/04 என்று எழுதினால் அமெரிக்காவில் மார்ச் 4, வேறு பல நாடுகளில் ஏப்ரல் 3. இந்தக் குழப்பத்துக்காகவே தேதி எழுதும் முறைக்கான ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரநிலை 1988லேயே வந்தது, வருடம், மாதம், நாள் என்ற வரிசை. அவ்வளவு தூரம் போக வேண்டாம், மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டாலே தீர்ந்தது. ஒரு மெயிலில் ஐந்து கேள்வி வைத்தால் பெரும்பாலும் முதல் கேள்விக்குத்தான் பதில் வரும், அதனால் முடிவு தேவைப்படும் கேள்வியை முதலில் வையுங்கள்.

வெப்வேலை:
நன்றி, இது எனக்குத் தோன்றவே இல்லை. கூடுதல் வேலைக்குப் பணம் கேட்பதை எப்படி ஆரம்பிப்பது?

பதில் (கணக்குப்பிள்ளை):
வேலை முடிந்தபின் கேட்டால்தான் மனக்கசப்பு வரும், முன்பே சொன்னால் பெரும்பாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. "இது முதலில் பேசியதில் இல்லை, தாராளமாகச் செய்யலாம், இரண்டு நாள் கூடும், தொகை இவ்வளவு, ஆரம்பிக்கட்டுமா?" என்று கேளுங்கள். தாமதமாகும் என்று தெரிந்தாலும் இதே மாதிரிதான், கெடு நாளன்று சொல்லாமல் தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள். பழைய வேலைக்கு இப்போது பில் போட வேண்டாம், அடுத்த வேலையிலிருந்து இந்த நாலு வரி மெயிலைப் பழக்கமாக்குங்கள்.