ஆன்லைன் பட்டப்படிப்பு: கட்டணத்தில் பங்கா, சேவைக்குக் கூலியா?

கேள்வி: அமெரிக்காவில் மாணவர்களைச் சேர்த்துவிடுபவர்களுக்குச் சேர்க்கை எண்ணிக்கையை வைத்து ஊக்கத்தொகை தரக்கூடாது என்று 1992 முதல் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. அப்படியிருக்க, அரசுப் பல்கலைக்கழகங்களின் ஆன்லைன் படிப்புகளை நடத்தும் நிறுவனங்கள் கட்டணத்தில் பாதியோ அதற்கு மேலோ எப்படி வாங்குகின்றன?

பதில் 1: 2011இல் கல்வித்துறை வெளியிட்ட விளக்கக் கடிதம்தான் வழிவிட்டது. ஆள்சேர்ப்பு மட்டும் செய்தால் பங்கு கூடாது. தொழில்நுட்பம், விளம்பரம், மாணவர் உதவி எல்லாம் ஒரே கட்டாக, பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமல்லாத வெளி நிறுவனம் தந்தால் பங்கு வாங்கலாம். தலைக்கு இவ்வளவு என்று வருமானம் வந்தால், தகுதி பார்க்காமல் போன் போட்டுத் துரத்துவார்கள். கோளாறு அங்கேதான்.

பதில் 2: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2024இல் தன் பொதுக் கல்லூரிகள் இப்படிக் கட்டணம் பங்கிடும் புதிய ஒப்பந்தம் போடுவதைத் தடுத்தது. ஆனால் தடை மட்டும் போதாது. மாற்று வழி, செய்த வேலைக்கு நிலையான தொகை. அதில் முன்பணம் பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து போகவேண்டும். பலர் பங்குமுறைக்குச் சாய்வதே அதனால்தான்.

பதில் 3: ஒப்பந்தத்தில் முதலில், அது எப்படி முடியும் என்ற விதியைப் படியுங்கள். சில ஒப்பந்தங்களில் உறவு முறிந்த பிறகும், ஏற்கெனவே சேர்ந்த மாணவர் படித்து முடிக்கும்வரை பங்கு போய்க்கொண்டிருக்கும். தானாகப் புதுப்பிக்கும் விதியும் வேண்டாம். மாணவர் தரவு யாருக்குச் சொந்தம் என்று எழுதி வாங்குங்கள். மாணவரை அழைப்பவர் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியைப் பயன்படுத்தினாலும், தான் நிறுவன ஊழியர் என்று முதலிலேயே சொல்லவேண்டும்.