ஃபைப்ரோஸ்கேனில் 9.8: பயாப்ஸி கட்டாயமா?

மகள்:
அப்பாவுக்கு 52 வயது. சர்க்கரை உண்டு, கொழுப்பு ஈரல், குடிப்பழக்கம் இல்லை. ரத்தத்தில் ஈரல் என்சைம்களான ஏ.எஸ்.டி 48, ஏ.எல்.டி 64, பிளேட்லெட் 2,10,000. ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 9.8 கிலோபாஸ்கல். அதன் கீழே பொடி எழுத்தில் ‘ஐ.க்யூ.ஆர் 3.6’. ஓரத்தில் யாரோ பேனாவால் ‘எஃப்3’ (ஈரலில் கடுமையான தழும்பு) என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்தே ஆக வேண்டுமா?

ஸ்கேன் அறை:
சகோதரி, அப்பா சாப்பிட்டுவிட்டுப் போனாரா? நான் இந்த மெஷினில்தான் வேலை பார்க்கிறேன். விலா இடுக்கில் ப்ரோபை வைத்துத் தட்டினால் சின்ன அதிர்வு ஈரலுக்குள் ஓடும். வேகமாக ஓடினால் ஈரல் விறைப்பு என்று பொருள். மெஷினுக்குத் தெரிவது விறைப்பு மட்டும்தான். அது தழும்பால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்று அதற்குத் தெரியாது. சாப்பிட்டால் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடி எண் ஏறும். அதனால்தான் குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு கேட்கிறோம். ஈரல் அழற்சி கடுமையாக இருந்தாலும், பித்தக்குழாய் அடைத்தாலும், இதயம் தளர்ந்து ஈரலில் ரத்தம் தேங்கினாலும் ஏறும்.

அப்புறம் அந்தப் பொடி எழுத்து. 10 தட்டுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக வந்தன என்பதுதான் அது. 3.6ஐ 9.8ஆல் வகுத்தால் சுமார் 37 சதவீதம். 30ஐத் தாண்டக் கூடாது. என் கையில் இப்படி வந்திருந்தால் திரும்ப எடுத்திருப்பேன், எஃப்3 என்று எழுதியிருக்க மாட்டேன்.

மகள்:
வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார் அண்ணா. வெறும் வயிற்றில் வரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

பழைய நோயாளி:
ரத்தச் சோதனை எண்களை வைத்து ஈரல் தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வயது பெருக்கல் ஏ.எஸ்.டி, அதை பிளேட்லெட் 210 (ஆயிரத்தில்), ஏ.எல்.டியின் வர்க்கமூலம் 8 இரண்டின் பெருக்கலால் வகுத்தால் 1.49. 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேல் என்றால் கவலைப்படணும். அப்பா நடுவில் நிற்கிறார், அதனால் ஸ்கேனுக்கு அனுப்பியது சரிதான். எடுத்த விதம்தான் சரியில்லை. மறுபடி எடுத்து 8க்குக் கீழே வந்தால் பயாப்ஸிப் பேச்சே வராது. அப்போதும் ஏறியே நின்றால் எம்.ஆர்.ஐ மெஷினிலேயே ஈரல் விறைப்பை அளக்கும் எம்.ஆர் எலாஸ்டோகிராஃபி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு சோதனை ஒன்று சொல்ல, இன்னொன்று வேறு சொன்னால்தான் ஊசி.

ஸ்கேன் அறை:
ஆமாம். அப்பா பருமனான உடம்பு என்றால் பருமனானவர்களுக்கான எக்ஸ்.எல் ப்ரோப் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அழற்சியால் எண் ஏறியதா என்று பார்க்க, புதிதாக எடுத்த ஏ.எல்.டி ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.