பெம்பெத்தாத்து என்றால் முக்கோணம்

ராஜா (காலை 9.10): சுதா, நாலு நாளாக ஒரு டிக்தான் விழுது. அம்மா சரியாகத் தூங்கவில்லை. சிக்னல் கிடைத்ததும் ஒரு வரி போடு.

சுதா (மாலை 5.42): அண்ணா, நன்றாக இருக்கிறேன், அம்மாவிடம் முதலில் சொல்லிவிடு. மழையில் கரண்ட் போய் போனில் சார்ஜே இல்லை. இப்போது நான் தொண்டு செய்ய வந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் நின்று அடிக்கிறேன், இங்கே மட்டும்தான் இரண்டு கோடு காட்டும்.

முருகேசன்: அக்கா, தான்சானியாவில் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்? மேப்பில் தேடினேன், பிடிபடவில்லை.

சுதா: உசம்பரா மலை, தம்பி. தாருஸ்ஸலாமிலிருந்து அருஷா போகிற ரோட்டில் மொம்போ என்று ஓர் ஊர், நமக்கு வத்தலக்குண்டு மாதிரி, அங்கேதான் மலை ஏற்றம் ஆரம்பம். மேலே லுஷோட்டோ. அதைத் தாண்டி மண் ரோடு. மார்ச்சிலிருந்து மே வரை இங்கே பெருமழை, பைக் சறுக்கியதால் கடைசி ஒரு மணி நேரம் நடந்தேதான் வந்தேன். நம் ஊர்க் கோடை லீவு இவர்களுக்கு மழைக்காலம், ஆனால் பள்ளிக்கூடம் நடக்கிறது, அதனால்தான் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

ராஜா: அம்மா கேட்கிறார், என்ன சாப்பிடுகிறாய்?

சுதா: உகாலி. மக்காச்சோள மாவில் கிண்டுகிற களிதான், கையால் பிட்டு நடுவில் குழி செய்து தொட்டுக்கொள்ள வேண்டும். கூடவே ம்சிச்சா, அப்படியே நம் தண்டுக்கீரை. ஒருநாள் டகா போட்டார்கள், நெத்திலிக் கருவாடு மாதிரி சின்ன மீன், அன்றைக்கு அம்மா ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது. மலேரியா மாத்திரை தினமும் போடுகிறேன், ஊருக்கு வந்த பிறகும் நாலு வாரம் போட வேண்டும்.

மீனா: அத்தை, பசங்க எப்படி? நீங்கள்தான் கணக்கு எடுக்கிறீர்களா?

சுதா: தனியாக எடுக்கவில்லை மீனா, அவர்கள் கணக்கு சார் பக்கத்தில் உட்காருகிறேன். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இங்கே ஏழாம் வகுப்பு வரை எல்லாம் சுவாஹிலியில். எட்டாவது வருஷம் ஃபார்ம் ஒன் போனதும் அத்தனை பாடமும் ஒரேயடியாக இங்கிலீஷ். 2016லிருந்து ஃபார்ம் ஒன் முதல் ஃபார்ம் ஃபோர் வரைக்கும் அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது, அதனால் மலைக்கு மேலே இருக்கிற பிள்ளைகளும் வருகிறார்கள், வந்து பாஷை புரியாமல் முழிக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் பிள்ளை, போர்டில் ட்ரையாங்கிள் என்று எழுதியதை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டாள், ஆனால் வரையச் சொன்னால் கை நகரவில்லை. நான் சாக்பீஸை எடுத்து மூன்று கோடு போட்டதும் "பெம்பெத்தாத்து!" என்று கத்தினாள். பெம்பே என்றால் மூலை, தாத்து என்றால் மூன்று. முக்கோணம், மீனா! எழுத்துக்கு எழுத்து நம் முக்கோணம்! அவளுக்குக் கணக்கு தெரியும், அந்த இங்கிலீஷ் வார்த்தைதான் தெரியாது.

அன்றைக்கு ராத்திரியே சாரும் நானும் ஒரு நோட்டில் சுவாஹிலி ஒரு பக்கம், இங்கிலீஷ் ஒரு பக்கம், நடுவில் படம் என்று எழுத ஆரம்பித்தோம். நான் கிளம்பினாலும் நோட்டு வகுப்பில் இருக்கும், அவர் தொடர்ந்து எழுதுவார்.

முருகேசன்: அக்கா, நம் பக்கத்திலிருந்து நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் பார்சல் அனுப்பலாமா?

சுதா: வேண்டாம் தம்பி, லுஷோட்டோ கடையிலேயே கிடைக்கிறது. அங்கே வாங்கினால் கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகும். எத்தனை வேண்டும் என்று சாரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

மீனா: அத்தை, எனக்கும் வரணும். டிசம்பர் லீவில் இரண்டு வாரம் அநாதை இல்லத்தில் குழந்தைகளோடு இருக்கிற மாதிரி ஒரு திட்டம் இன்ஸ்டாவில் பார்த்தேன், பணம் கட்டினால் போதுமாம்.

சுதா: அதற்கு மட்டும் போகாதே கண்ணு. உன் மனசு எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு நீ விமானம் ஏறிவிடுவாய், அடுத்த வாரம் வேறொருவர் வருவார், ஒவ்வொரு தடவையும் அந்தக் குழந்தை அழும். நேபாளத்திலும் கம்போடியாவிலும் அம்மா அப்பா உயிரோடு இருக்கிற பிள்ளைகளையே இப்படி இல்லங்களில் வைத்திருந்தது வெளியே வந்தது. பணம் கட்டிப் பார்க்க ஆள் வருகிறவரை பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவருவார்கள். டிசம்பரில் இங்கே பள்ளிக்கூடமும் லீவு.

மீனா: சரி அத்தை. அப்படி யோசிக்கவே இல்லை.

ராஜா: விசா, ஊசி எல்லாம் அவளுக்குச் சொல்லிவிடு.

சுதா: டூரிஸ்ட் விசாவில் வந்து வேலை செய்யக்கூடாது, சம்பளம் இல்லாத தொண்டானாலும் தனி அனுமதி வேண்டும், பள்ளிக்கூடம் மூலமாக முன்னாடியே கேட்கணும். மஞ்சள் காய்ச்சல் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டேன், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னாடி போட வேண்டும். நான் மஞ்சள் காய்ச்சல் உள்ள கென்யாவின் நைரோபியில் விமானம் மாறித்தான் வந்தேன், திரும்பும்போது நம் ஏர்போர்ட்டில் ஊசி போட்டதற்கான கார்டைக் கேட்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னாடி பாஷையைப் படி மீனா. இங்கே மணியைக் காலை ஆறிலிருந்து எண்ணுவார்கள், நாழிகைக் கணக்கு மாதிரி. முதல் நாள் "சா ம்பிலி"க்கு வாருங்கள் என்றார்கள், ம்பிலி என்றால் இரண்டு, நான் மதியம் இரண்டுக்குப் போனேன். அவர்கள் சொன்னது காலை எட்டு. பிள்ளைகள் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை. உள்ளே போனதும் எல்லாரும் எழுந்து "ஷிகமோ" என்றார்கள். பெரியவர்களுக்குச் சொல்கிற வணக்கம், உங்கள் பாதத்தைப் பிடிக்கிறேன் என்பதிலிருந்து வந்ததாம். பதிலுக்கு "மரஹபா" சொல்ல வேண்டும், அதுகூட எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ராஜா: அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பெரியவர்களைக் கும்பிடத் தெரிந்த பிள்ளைகள், நன்றாகச் சொல்லிக்கொடு என்கிறார்.

மீனா: அத்தை, நாற்கோணத்துக்கு என்ன சொல்வார்கள்?

சுதா: பெம்பென்னே. ன்னே என்றால் நான்கு. மழை வருது, இறங்குகிறேன்.